கொள்ளைநோய்க் கல்வியும் தமிழ் மாணாக்கரும்

மருந்தினை நாற்கூற்றதாக வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றான், நோய் தீர்ப்பான், மருந்து, உடனிருந்து பேணுவான் என்னும் நான்கும் ஒருங்கமைதல் வேண்டுமென்பது அவர் கருத்து. ஒருவனைப் பற்றிய நோய்க்கு இவ்வகுப்புச் சாலும். ஓர் ஊரையே, ஒரு நாட்டையே, சிற்சில காலங்களில் உலகனைத்தையுமே பற்றும் கொள்ளைநோய்க்கு இந்நான்கும் போதா, ஐந்தாவதொன்று வேண்டும். அஃது ஊரார். ஊரார் அறிந்து, நம்பி, உடன்பட்டு நின்றாலன்றி, எத்துணைச் சிறந்த மருத்துவராலும் எத்துணை உயர்ந்த மருந்தாலும் கொள்ளைநோயைத் தடுத்தல் அரிது. இவ்வைந்தாம் கூற்றைப் பற்றியே யான் ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

கொள்ளைநோய்க் கல்வி யாதெனின், ஒருவன் உடம்பினுள் நோய் செய்வதை ஆராய்வது மருத்துவம். ஒரு மக்கட் கூட்டத்தினுள் அது செய்வதை ஆராய்வது இக்கல்வி. நோய் யார்க்கு வந்தது, எங்கு வந்தது, எப்பொழுது வந்தது என்னும் மூன்று வினாக்களே இதன் அரிச்சுவடி. கிருமி உட்புகுந்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் எத்துணை. நோயுற்றான் ஒருவன் சராசரியாக எத்துணைப் பேர்க்கு அதனைக் கொடுக்கின்றான். அவ்வெண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்கும் வழி யாது. இனி வரக்கூடிய நோய்க்கு இன்றே எவற்றைச் சேமித்து, எவரைப் பயிற்றி வைத்தல் வேண்டும் என்பன அடுத்துவரும் பாடங்கள். இலண்டன் மாநகரில் 1899ஆம் ஆண்டிலும், கல்கத்தாவில் 1932ஆம் ஆண்டிலும் இத்தகைய கல்விக்கெனத் தனி நிலையங்கள் தோன்றின. நம் சென்னையிலுள்ள தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் களத்திலேயே பயிற்றும் முதுநிலை வகுப்பை நடத்தத் தொடங்கியது.

அமெரிக்க நாட்டில் 1951ஆம் ஆண்டு அலெக்சாண்டர் லாங்மியூர் என்பார் கொள்ளைநோய்களைத் துப்பறியும் பணியொன்றைத் தோற்றுவித்தார். அப்பணியினர்க்கு உரிய அடையாளக்குறி யாது தெரியுமோ? உருப்பெருக்கியன்று, மருந்துக் குப்பியுமன்று. உலக உருண்டையின்மீது, தேய்ந்து ஓட்டை விழுந்த செருப்பின் அடிப்பாகம்! ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்து கற்பதினும் தெருத் தெருவாய் நடந்து மக்களை வினவிக் கற்பதே இக்கல்வி என்பதை இதனினும் தெளிவாக யார் கூற வல்லார்?

இங்ஙனம் நடந்தும் வினவியும் கேட்டும் அறியும் கல்வியாயிருந்தும், நம் நாட்டில் இதன் வாயில் பெரும்பாலும் மருத்துவப் பட்டம் பெற்றோர்க்கே அகலத் திறந்திருக்கின்றது. பொதுச் சுகாதார முதுகலை வகுப்புக்கள் சில பிறரையும் ஏற்பினும், மொழியும் வரலாறும் பயின்றார்க்கு அங்கே என்ன வேலை என்று வினவுவாரே பலர். பட்டம் பெற்றபின் இத்துறையிற் புக விரும்புகின்றேன் என்று யான் விடுதியிற் கூறியபொழுது, நண்பர் ஒருவர், “தொல்காப்பியத்தைக் கொண்டு காலராவை ஓட்டப் போகின்றாயோ?” என்று நகைத்தார். உடனிருந்தோரும் நகைத்தனர், யானும் நகைத்தேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு யான் கண்ட விடையே இக்கட்டுரை.

காலராவை ஓட்டிய கதையையே முதற்கண் நோக்குவோம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இரவு, இலண்டனில் சோஹோ என்னும் பகுதியிலுள்ள பிராட் தெருவில் வாந்திபேதி திடுமென வெடித்தெழுந்தது. பத்து நாட்களுக்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நச்சுக்காற்றால் வருவது அந்நோய் என்பதே அக்காலத்து அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ, அது குடிநீரால் வருவதெனத் துணிந்து, இறந்தோர் வாழ்ந்த வீடுகளைக் கணக்கெடுத்து, அத்தெருவிலிருந்த பம்பின் நீரே காரணமெனக் காட்டினார். செப்டம்பர் 8ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. இவ்வளவும் பலர் அறிந்ததே.

பலர் அறியாதது பின்னர் நிகழ்ந்தது. அப்பகுதித் திருச்சபையில் ஹென்றி வைட்ஹெட் என்னும் உதவிக் குரு ஒருவர் இருந்தார். இருபத்தெட்டு வயதினர், மருத்துவம் பயிலாதவர். பம்பின் நீரைக் குடித்தும் பிழைத்தவர் சிலரைத் தாமே அறிவாராதலின், ஸ்நோவின் கொள்கை பிழையென நிறுவவே அவர் புறப்பட்டார். அத்தெருவின் வீடுதோறும் அவர்க்கு அறிமுகம் உண்டு. ஒரே வீட்டிற்கு நான்கு முறையும் ஐந்து முறையும் சென்று, துயருற்றோரோடு அமர்ந்து, யார் எந்நாளில் எந்நீரைக் குடித்தார் எனப் பொறுமையோடு கேட்டறிந்தார். ஈற்றில் தம் கருத்தே பிழையெனக் கண்டு, அதனை ஒளியாது ஒப்புக்கொண்டார். அம்மட்டோ! இறப்புப் பதிவேட்டிற் கண்ட ஒரு வரியைப் பற்றிக்கொண்டு 40ஆம் எண் வீட்டிற்குச் சென்று, அங்கிருந்த பச்சிளங் குழவியொன்று தெருவில் நோய் பரவுதற்கு முன்னரே பேதியுற்றுப் பின்னர் இறந்ததையும், அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டு முன்புறத்துக் கழிவுக்குழியிற் கொட்டியதையும் அறிந்தார். குழியைத் தோண்டிப் பார்த்தபொழுது, அஃது இடிந்து கசிந்து, ஏறக்குறைய மூன்றடித் தொலைவிலிருந்த கிணற்றினுட் கலந்தமை வெளிப்பட்டது. ஸ்நோ கூறியதற்கு முற்றச் சான்று கிடைத்தது. காலராக் கிருமியை உலகம் ஏற்குமாறு இராபர்ட் காக் என்பார் நிறுவியது இதற்கு ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழிந்த பின்னரே.

பிள்ளையை இழந்த ஒரு தாய் தன் வீட்டு நிகழ்ச்சியை அந்நியன் ஒருவனிடம் அங்ஙனம் உரைத்திருப்பாளோ? ஸ்நோ எண்களை அறிந்தார்; வைட்ஹெட் மக்களை அறிந்தார். இருவரும் கூடியபொழுதே உண்மை முழுமையுற்றது.

இத்தகைய கூட்டுறவு பின்னரும் நிகழ்ந்ததுண்டு. 1966ஆம் ஆண்டு டிசம்பரில் நைஜீரியாவில் மருத்துவ ஊழியராயிருந்த வில்லியம் ஃபேகி, பெரியம்மைத் தடுப்புமருந்து அனைவர்க்கும் போதாதிருந்தமையால், வானொலிக் கருவி வைத்திருந்த மிஷனரிமாரை இரவில் அழைத்தார். அவரவர் ஆளனுப்பி அம்மை கண்ட ஊர்களை அறிந்து சொல்ல, அவ்விடங்களிலும் அவற்றைச் சூழ்ந்தும் வாழ்ந்தோர்க்கு மட்டும் மருந்து குத்தப்பட்டது. அம்முறையே பின்னர்ப் பல நாடுகளிற் பரவி, 1980ஆம் ஆண்டில் பெரியம்மை உலகை விட்டு ஒழிந்ததென அறிவிக்கத் துணையாயிற்று.

நிற்க. நம் நாட்டிலேயே, முதுநிலை மாணவியொருவரின் ஆய்வேடு தேசத்தின் கண்ணைத் திறந்த வரலாறும் உண்டு. 1985ஆம் ஆண்டின் இறுதியில் எய்ட்ஸ் நோய் இந்தியாவில் இல்லையென்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவியிடம், அவர்தம் ஆசிரியை சுனிதி சாலமன், அந்நோய்க்கிருமி ஈண்டு உண்டோ என ஆராயுமாறு கூறினார். யாரிடம் சென்று ஆராய்வது? பாலியல் தொழிலில் ஈடுபட்ட மகளிர் வாழ்ந்த தனியிடமென்று சென்னையில் ஒன்றுமில்லை. நிர்மலா அரசினர் பொது மருத்துவமனைக்குப் பலகாற் சென்று, சிகிச்சைக்கு வந்த மகளிர் ஓரிருவரோடு நட்புக்கொண்டு, அவர் வழியாகப் பிறரை அறிந்து, பலர் ஒரு காப்பில்லத்தையே தம் முகவரியாகக் கொடுத்திருந்தமை கண்டு, அங்கே சென்றார். மூன்று திங்களில் எண்பது பேரின் குருதி சேர்ந்தது. போதிய வசதி இன்மையால் அதனைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்ததும் உண்டு. 1986ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவை சோதிக்கப்பட்டபொழுது, ஆறு குருதிகளில் எச்.ஐ.வி. கிருமியின் அடையாளம் தோன்றியது. பின்னர் அமெரிக்காவிற் செய்த சோதனையும் அதனை உறுதிப்படுத்தியது.

இவ்வரலாற்றில் ஆய்வுக்கருவியின் பெருமை பெரிதே, மறுப்பாரில்லை. ஆயினும் அக்கருவியின் முன் வைக்கக் குருதி எங்ஙனம் கிடைத்தது? சமூகம் முகத்திருப்பிக்கொண்ட பெண்களிடம் ஒரு பெண் சென்று, இழிவு தோன்றாமற் பேசி, நம்பிக்கை பெற்றதனாலன்றோ? பேசத் தெரிதலும் கேட்கத் தெரிதலும் இக்கல்விக்குப் புறம்பானவை அல்ல, உயிர்நாடியானவை.

இனிச் சொற்களைப் பற்றிச் சில கூறுவேன். என் படிப்புக்கு நேரே உரிய பகுதி இதுவே. கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டில் யான் பள்ளிச் சிறுவன். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் முன் தகரம் அடித்து, தனிமைப்படுத்தப்பட்ட இல்லம் என்று எழுதிய தாள் ஒன்றை ஒட்டிச் சென்றனர். என் பாட்டியார் அதனை வாசித்துக் காட்டுமாறு கேட்டார்; வாசித்தேன். “அவர்களை ஊரை விட்டு ஒதுக்கி வைத்துவிட்டார்களா? என்னப்பா குற்றம் செய்தார்கள்?” என்று அவர் வினவினார். அவர் பிறந்த சிற்றூரில் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தல் என்பது பஞ்சாயத்தார் இடும் தண்டம். தண்ணீர், நெருப்பு, பேச்சு அனைத்தும் நின்றுபோகும். அச்சொல்லை அவர் உள்ளம் அவ்வாறே பொருள்கொண்டது. அன்று அவர்க்கு விடைகூற யான் அறியேன். அவ்வீட்டாரோடு எங்கள் தெரு பல திங்கள் பேசவில்லை. நோய் நீங்கிய பின்னரும் பேசவில்லை.

அவ்வாண்டு வழங்கிய மற்றொரு சொல் சமூக இடைவெளி. நோய் பரவாமைக்கு வேண்டியது உடம்புக்கும் உடம்புக்கும் இடையே சில அடித் தொலைவே. உள்ளத்தாலும் உதவியாலும் நெருங்கியிருத்தலே அக்காலத்து மிக வேண்டுவதாயிருந்தது. தொட்டால் தீட்டு என்று சொல்லி நூற்றாண்டுக் கணக்காக மக்களைச் சேரிக்கு அப்பால் நிறுத்திய நாட்டில், சமூக இடைவெளி என்னும் சொல் எத்தகைய பழம்புண்ணைக் கீறும் என்பதைச் சொல்லைத் தெரிந்தெடுத்தோர் எண்ணியிருத்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமே 2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் முதல் உடல் இடைவெளி என்னும் பொருள்படும் தொடரையே விரும்பி வழங்கலாயிற்று. அதற்குள் பழைய சொல் நம் சுவர்களிலெல்லாம் ஏறிவிட்டது.

நோய்ப்பெயர்களும் அத்தகையனவே. அம்மை என்னும் ஒரு சொல்லுக்குள் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, தாளம்மை அனைத்தும் அடங்கும். பொன்னுக்கு வீங்கி என்பதும் தாளம்மை என்பதும் ஒன்றே. ஒரே நோய் ஒரு மாவட்டத்தில் ஒரு பெயராலும் அடுத்த மாவட்டத்தில் வேறு பெயராலும் வழங்கும். வீட்டில் அம்மை உண்டோ என வினவும் கணக்காளன் எதனை எழுதிச் செல்வான்? பெரியம்மையைத் தேடி 1970களில் இந்திய நாடெங்கும் வீடு வீடாகச் சென்றோர், சொல்லை மட்டும் நம்பாது, நோயுற்ற குழந்தையின் படம் பொறித்த அட்டையைக் காட்டி வினவினர். சொல்லின் மயக்கத்தை அவர் நன்கு அறிந்திருந்தனர்.

சொல் பிழைத்தாலும் சொல் இல்லாதொழிந்தாலும் விளையும் கேடு யாதெனின், 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையில் நிகழ்ந்ததை நினைத்தல் போதும். கொரோனா நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கஞ் செய்ய விடாது, கல்லும் கழியுங் கொண்டு ஒரு கூட்டம் தாக்கியது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தாமே மண்ணிட்டு அவரை அடக்கஞ் செய்தார். பிறர்க்காகத் தொண்டு செய்தவர்க்கு ஆறடி நிலமும் மறுக்கப்பட்ட அந்நிகழ்ச்சி நம் நகருக்கு நேர்ந்த பழி. அவ்வுடலால் நோய் பரவியதற்குச் சான்றில்லை என்று அதற்கு முந்திய மார்ச்சிலேயே உலகச் சுகாதார நிறுவனம் எழுதியிருந்தது. அறிவு இருந்தது, அவ்வறிவு தெருவை அடையவில்லை. அக்கூட்டத்தினரைக் கொடியோர் என்று கூறி அமைதல் எளிது. அஞ்சியவர்க்கு முன்னரே சென்று சொல்லுவார் இல்லாமற்போனதும் குற்றமே என்பது எமது துணிபு.

இதற்கு மாறாக, அடக்கத்தைப் பற்றிய சிக்கலை ஆப்பிரிக்கர் தீர்த்த முறையும் உண்டு. கினி, லைபீரியா, சியரா லியோன் என்னும் மூன்று நாடுகளையும் 2014ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரை எபோலா நோய் வாட்டியது. 28,600க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 11,300க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொரோனாவைப் போலன்றி, எபோலாவால் இறந்தவர் உடல் மெய்யாகவே கொடிய தொற்றுடையது. இறந்தாரை நீராட்டித் தொட்டு விடைகொடுத்தல் அந்நாட்டார் மரபு. முதலில் வெள்ளுடை போர்த்த பணியாளர் வந்து, ஒரு செபமுமின்றி உடலைப் பையிலிட்டுச் சென்றனர். விளைவு யாது? மக்கள் நோயாளரை ஒளித்தனர். இரவில் மறைவாக அடக்கஞ் செய்தனர். கினியில் ஓர் ஊருக்கு நோயைப் பற்றி எடுத்துரைக்கச் சென்ற குழுவினருள் எண்மர் கொல்லப்பட்டதும் உண்டு. அவ்வாண்டின் இறுதியில் மானிடவியலாரும் கிறித்தவ, இசுலாமியச் சமயத் தலைவரும் மருத்துவரோடு அமர்ந்து புதுமுறையொன்றை வகுத்தனர். உறவினர் சற்றே விலகி நின்று காணலாம், செபிக்கலாம், இறந்தார்க்கு உரிய உடையை உடன் வைக்கச் சொல்லலாம், கல்லறைக்குப் பெயரிடலாம். பாதுகாப்பு வேண்டும், மாண்பும் வேண்டும் என்பதே அதன் சாரம். மக்கள் மெல்ல மெல்ல இசைந்தனர், நோயும் தணிந்தது. பிற முயற்சிகளும் உடன் நிகழ்ந்தனவேனும், மக்கள் மனத்தை அறிந்த இம்முறையின்றி அவை பயன்பட்டிருக்குமோ என்பது ஐயமே.

இங்கே தடை நிகழ்த்துவார் சிலர் உளர். மொழி மாணாக்கன் கிருமியை அறிவானோ என்பது முதற்றடை. அறியான், ஆதலால் கற்கவேண்டும். எண்கணிதமும் நுண்ணுயிரியலும் அவனுக்குக் கசக்குமாயின் இத்துறை அவனுக்கு உரியதன்று. மருத்துவனிருக்கும் நாற்காலியை யான் கேட்கவில்லை; அதனருகே ஒரு நாற்காலி கேட்கின்றேன். நோயில்லாக் காலத்தில் இக்கல்வி வீண்செலவு என்பது இரண்டாந் தடை. ஏரிக்கரையைக் கோடையிலேயே செப்பனிடுகின்றோம். மதகு உடைந்தபின் மண்வெட்டி தேடுவாரை உழவர் மதியார். வயிற்றுப்பாட்டுக்கு இது வழியாகுமோ என்பது மூன்றாவது. பெற்றோர் கேட்கும் இவ்வினா நியாயமானதே. அதற்கு விடையிறுக்கவேண்டியவர் அரசினர். ஒவ்வொரு மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் மக்களோடு பேசுதற்கெனவே பயின்ற ஒருவர்க்கு நிலையான இடம் அமைப்பராயின், படிக்க வருவாரும் பெருகுவர்.

ஆதலின் யான் வேண்டுவன மூன்று. கொள்ளைநோய்க் கல்வி பயிற்றும் நம் நிலையங்கள், மொழி, வரலாறு, சமூகவியல் கற்ற பட்டதாரிகட்கும் ஆண்டுதோறும் சில இடங்களை ஒதுக்குதல் வேண்டும். அவர்க்கு வேண்டும் அறிவியல் அடிப்படையை முதலிற் கற்பித்துக்கொள்ளலாம். மருத்துவ மாணாக்கர்க்கும் தம் மாவட்டத்து மக்கள்மொழியில் நோயை விளக்குதல் ஒரு பாடமாக, தேர்வுக்குரிய பாடமாக, அமைதல் வேண்டும். மூன்றாவது நம் கல்லூரிக்கு உரியது. நம் தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் கூடி, நாம் விடுமுறைக்குச் செல்லும் ஊர்களில் வழங்கும் நோய்ப்பெயர்களையும் அவற்றின் பொருளையும் தொகுக்கலாம். பாட்டிமாரிடமும் செவிலியரிடமும் சுடுகாட்டுப் பணியாளரிடமும் கேட்டறிந்து ஓர் அகராதி செய்வோமாயின், அடுத்த கொள்ளைநோய் வருங்கால் சுவரில் ஒட்டும் தாளில் எச்சொல் இருத்தல் வேண்டும், எச்சொல் இருத்தலாகாது என்று கூற ஒரு நூலேனும் இருக்கும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. தேயத்தக்க செருப்பும் கேட்கத்தக்க செவியும் போதும்.

எகிப்து நாட்டில் யோசேப்பு செய்ததை நாம் சிறுபருவத்திலேயே ஞாயிறு பாடசாலையிற் கேட்டிருக்கின்றோம். விளைச்சல் மிக்க ஏழாண்டுகளில் ஐந்திலொரு பங்கு தானியத்தைச் சேர்த்து வைத்தமையால், பஞ்சம் வந்த ஏழாண்டுகளில் எகிப்தியரோடு அயல்நாட்டாரும் உயிர்பிழைத்தனர். யோசேப்பு பஞ்சத்தைத் தடுக்கவில்லை. அது வருமென நம்பி முன்னரே உழைத்தான். கொரோனாவால் எழுந்த உலக நெருக்கடி முடிந்ததென 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அறிவித்தனர். அதன்பின் வாய்த்த இவ்வாண்டுகள் நமக்கு விளைச்சல் ஆண்டுகள். இவை ஏழோ, பதினேழோ, யாரும் அறியார்.

என் பாட்டியார் இன்று இல்லை. அவர் கேட்ட வினாவிற்கு அன்று யான் கூறாத விடையை, அடுத்த முறை வேறொரு தெருவில், வேறொரு பாட்டியார்க்குக் கூறவேண்டும் என்பதே என் விருப்பம். “குற்றம் ஒன்றுமில்லை, அம்மா. பதினான்கு நாள் அவர்கள் வெளியே வரமாட்டார்கள்; நாம்தான் அவர்களுக்குச் சோறு கொண்டுபோய் வாசலில் வைக்கவேண்டும்.” இவ்வளவே. இதனைச் சொல்லத் தொல்காப்பியம் வேண்டாவெனினும், சொல்லின் ஆற்றலை எனக்குக் கற்பித்தது அதுவே என்று என் நண்பர்க்கு விடைகூறி அமைகின்றேன்.